பயணியியல்: பெருந்தொற்றுப் படலம்

சென்னை மாநகரப் பேருந்தில் செல்வோர் முற்காலத்தில் இருவகையினர்: உட்புறத்தார், படிக்கட்டார். ஐயமற நின்ற இப்பகுப்பு, 2020 மார்ச் கடைசி வாரத்தில் பேருந்தே நின்றபோது தானும் நின்றது. செப்டம்பர் 1 அன்று வண்டிகள் பணிமனையை விட்டு வெளியே வந்தபோது பழைய இலக்கணம் பயன்படவில்லை. ஆகவே புதிதாக ஒன்று செய்யப் புகுந்தோம்.

முதற்கண், பயணக் காரணம். இதை வகுத்தது யாம் அல்லேம், அரசு. ஊரடங்கின் தொடக்கத்தில் ஊர்விட்டு ஊர் செல்ல இ-பாஸ் என்னும் அனுமதி தரத்தக்க காரணங்களாக இருந்தவை மூன்று: மருத்துவம், திருமணம், இறப்பு. பிறப்பை விட்டது என்னை எனின், அது மருத்துவத்துள் அடங்கும் என்க. காதல் மட்டும் தனித்துப் பாஸ் பெறவில்லை, தாலியோடு வரவேண்டியிருந்தது. இம்மூன்றிலும் அடங்காதார் சிலர், என்றோ மறைந்த பாட்டியை இன்னொரு முறை சாகடித்து அடங்கினர் என்ப.

புறநகர் ரயிலில் பகுப்பு கடிகாரத்தோடு பிணைந்தது. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர் மட்டும். நவம்பர் 23 முதல் நெரிசலற்ற நேரத்தில் பெண்கள். டிசம்பர் 23 முதல் அதே நேரத்தில் யாவரும். ஆக, தாம்பரத்தில் காலை ஒன்பதுக்கு ஆகாதவராயிருந்த ஒருவர் பதினொன்றுக்கு ஆனவரானார்.

அடுத்தது தொடுகை. அது கம்பி, காசு, சீட்டு என மூவகைப்படும். சீட்டுத்தான் விரிவாக ஆராயத்தக்கது. பெருந்தொற்றுக்கு முன் நடத்துநர் விரலை நாவில் நனைத்துச் சீட்டைக் கிழிப்பார். அது நாலு கை மாறி உரியவரை அடையும். மீதிச் சில்லறையும் அதே நாலு கை வழியே பின்தொடரும். "ஒரு சைதாப்பேட்டை வாங்கிக் குடுங்க" என்று முன்பின் அறியாதவர் தோளைத் தட்டுவதும், தட்டப்பட்டவர் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுப்பதும் இந்நகரின் நாகரிகம். பெருந்தொற்று அந்த நீட்டிய கையைச் சந்தேகத்துக்குரியதாக்கியது. அது எமக்குப் பேரிழப்பு. முகக்கவசம் அணியாதார்க்கு 200 ரூபாய் அபராதம் இருந்தது. கவசத்தை இறக்காமல் விசில் ஊத முடியாதாகையால் நடத்துநர் மட்டும் விலக்குப் பெற்றார். அதைத் தந்தது சட்டமன்று, வழக்கு.

இனிப் பயணிகள். அவர்களை அஞ்சுவோர், அஞ்சாதோர் எனப் பகுப்பாரும் உளர். அது பொருந்தாது. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் ஊழியர் அஞ்சினார், வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அவர் வீட்டுப் பாத்திரம் துலக்க வரும் அம்மா அவரினும் மிகுதியாக அஞ்சினார், ஆனாலும் பேருந்து ஏறி வந்தார். அச்சம் இருவர்க்கும் பொது. வேறு வழி ஒருவர்க்கே உண்டு. எனவே எம் பகுப்பு வருமாறு: வண்டி உடையார், வண்டி வாங்கினார், வண்டி இல்லார்.

உடையாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இடைப்பட்டவரே ஆய்வுக்குரியவர். கிருமிக்கு அஞ்சித் தவணையில் ஸ்கூட்டர் வாங்கினார். கிருமி தணிந்தும் தவணை தணியவில்லை. ஆகவே பேருந்துக்குத் திரும்பவில்லை. பழக்கத்தை மாற்றியது நோய் என்பர். மாறியதைக் கட்டிப்போட்டது கடன் என்பது எம் துணிபு.

இப்பகுப்புக்கும் விரைவில் இடர் வந்தது. 2021 மே 7 அன்று, சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு ஆணையிட்டது, மறுநாளே நடைமுறை. மே 10 முதல் முழு ஊரடங்கு. சலுகை இருந்தது, பேருந்து இல்லை. ஜூன் 21-இல் சென்னைப் பேருந்துகள் மீண்டும் ஓடிய பின்னரே இரண்டும் சந்தித்தன. அதன்பின் நிறுத்தங்களில் ஒரு புதுப் பொறுமையைக் கண்டோம்: வரும் டீலக்ஸை எல்லாம் போகவிட்டு, சாதாரணக் கட்டணத்தின் அடையாளமான வெள்ளை போர்டுக்காகவே நிற்கும் பெண்கள். ஜூலையில் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியது. வாங்கினார் வகைக் கணவர் அதைத் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரில் போக, முன்பு அவர் பின்னால் அமர்ந்து சென்ற மனைவி இப்போது பேருந்தில் போகிறார். வண்டி வீட்டில் உண்டு, காசு மிச்சம், நேரம்தான் செலவு. இவர் வாங்கினாரா, இல்லாரா?

நடத்துநரிடம் கேட்டோம். சீட்டுக்குச் சில்லறையாகக் கொடுக்கச் சொன்னார்.