ஏரியைக் காணாமல் போக்குவது எப்படி?

திருப்பதியை அடுத்த திருச்சானூர் வட்டாரத்தில் மனை வாங்கிக் குடியேற நினைப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்துத் தொழில் கற்க விரும்பும் வெளியூர்க்காரர்களுக்கும் இந்தக் கையேடு.

ஏரியை ஒழிப்பதை ஏதோ ரவுடிகள் இரவில் செய்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய நினைப்பு. சாமி கும்பிட்டு, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற நல்ல குடும்பங்கள் பகலிலேயே செய்யக்கூடிய காரியம் இது. கொஞ்சம் பொறுமை போதும். பயிற்சிக்குத் திருச்சானூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

ஏன் என்றால், இந்த ஊரின் பெருமையே ஒரு குளம்தான். அலர்மேல்மங்கைத் தாயார் பத்ம சரோவரத்தில் பொற்றாமரையில் தோன்றினாள் என்கிறது தலபுராணம். கார்த்திகை பிரம்மோற்சவத்தின் கடைசி நாள் பஞ்சமி தீர்த்தம். திருமலையிலிருந்து பட்டுப்புடவையும் மஞ்சளும் குங்குமமும் சீராக இறங்கி வர, லட்சக்கணக்கானவர்கள் அந்தக் குளத்தில் முங்கி எழுகிறார்கள். ஆகவே நீர்நிலைமேல் நமக்குப் பக்தி இல்லை என்று எவரும் வாய்திறக்க முடியாது. சுற்றிலும் படிக்கட்டும் நடுவில் மண்டபமும் இருந்தால் கையெடுத்துக் கும்பிடுவோம். படிக்கட்டு இல்லாமல் வெறும் மண்கரையோடு கிடந்தால் சர்வே எண் என்ன என்று கேட்போம். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இனி செய்முறை. புதியவர்கள் செய்கிற முதல் தவறு, ஏரியிலேயே கை வைப்பது. கூடவே கூடாது. ஏரிக்குள் மண் கொட்டினால் பேப்பர்காரர் வருவார், தாசில்தார் வருவார். ஏரியை விட்டுவிடுங்கள், அதன் வரத்துக்காலைப் பிடியுங்கள். சேஷாசலம், சந்திரகிரி மலைகளில் விழுகிற மழை ஓடையாக இறங்கி, கால்வாயாகி, ஏரியில் சேர்ந்து, அது நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போய், மிச்சம் சுவர்ணமுகி ஆற்றில் விழும். பழைய ஆட்கள் செய்துவைத்த ஏற்பாடு. நாலு மைலுக்கு அப்பால் ஒரு முழ அகலத்தை அடைத்தாலே கீழே உள்ள ஏரிக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. அங்கே வந்து எவரும் உங்களைப் பார்க்கப்போவதும் இல்லை.

அடைப்பதற்குச் சுவர் எழுப்பவும் வேண்டாம். லேஅவுட்டுக்குப் பாதை போடும்போது கால்வாயின் குறுக்கே ஓர் அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய் ஒன்றைப் புதைத்து மேலே மண்ணைத் தள்ளுங்கள். ‘தண்ணிக்கு வழி விட்டிருக்கோமே’ என்று காட்டிக்கொள்ளலாம். மீதியை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். முதல் வாரம் பால் பாக்கெட் வந்து ஒட்டும். அப்புறம் வாழைமட்டை, சாமிக்குப் போட்டுக் கழித்த மாலை, இளநீர்க் கூடு, விநாயகர் சதுர்த்திக்கு வாங்கிய தெர்மகோல். ஆறு மாதத்தில் குழாயின் வாயில் ஒரு சாக்குப்பை சொருகி நிற்கும். அதன்மேல் ஒரு காட்டாமணக்கு முளைத்திருக்கும். எவர் அடைத்தார் என்று எந்தக் கமிஷனும் கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அடைத்தது.

அப்புறம் காத்திருங்கள். ஏரி வற்றும். சீமைக்கருவேலம் தானாக வந்து சேரும். கலங்கல் கற்கள் சாயங்கால வேளையில் பாட்டிலும் கையுமாக உட்காருகிறவர்களுக்கு வசதியான திண்ணையாகும். இந்தக் கட்டத்தில் நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டிய வாசகம் ஒன்று உண்டு. மனை பார்க்க வருகிறவர் தயங்கித் தயங்கி, “அண்ணா, இது செருவுன்னு சொல்றாங்களே?” என்பார். செருவு என்றால் தெலுங்கில் ஏரி. “அது எங்க தாத்தா காலத்துல சார். இருபது வருஷமா ஒரு சொட்டு தண்ணி கிடையாது. வேணும்னா இறங்கி நடந்து பாருங்க.” அவர் இறங்கி நடப்பார். செருப்பில் ஈரம் ஒட்டாது. அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

இதெல்லாம் தனியார் செய்கிற சில்லறை வேலை. மொத்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று அறிய, திருச்சானூருக்கு வெகு அருகிலேயே உள்ள அவிலாலா ஏரியையும், திருப்பதிக்கு மறுபக்கம் உள்ள பேரூரு ஏரியையும் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். கிருஷ்ணதேவராயர் காலத்திலிருந்து இருந்துவருபவை என்று இவற்றைச் சொல்வார்கள். 1991-இல் அவிலாலா ஏரிப் படுகையை வீடு கட்ட வீட்டுவசதி வாரியத்துக்கும், 1994-இல் பேரூரு ஏரிப் படுகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கும் ஆந்திர அரசு ஆணை போட்டுக் கொடுத்தது. பாருங்கள், ஒரு ரவுடி உண்டா? ஒரு கள்ளப் பத்திரம் உண்டா? எண்ணும் தேதியும் போட்ட அரசாணை. மக்களுக்கு வீடு வேண்டும், ஏரியிலோ தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். நூறு தனியாட்கள் இருபது வருடம் பாடுபட்டாலும் முடியாததை ஒரு கையெழுத்து முடித்துவைக்கும்.

ஆனால் எந்த ஊரிலும் சும்மா இருக்கத் தெரியாத நாலு பேர் இருப்பார்கள். திருப்பதியில் இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு, நகரத்து ஏரிகளை இப்படி ஒவ்வொன்றாகக் கொல்கிறீர்களே என்று வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் டெல்லிவரை போனார்கள். 2006 பிப்ரவரி 23 அன்று ரூமா பால், ஏ.ஆர். லட்சுமணன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பு சொன்னது. தீர்ப்பை எழுதியவர் லட்சுமணன். அவர் தேவகோட்டைக்காரர், ஊருணி வெட்டியவன் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிற சீமையில் பிறந்தவரிடம் போய் ‘ஏரிதானே’ என்று வாதாடியது நமது தரப்பின் துரதிருஷ்டம். ஏரியும் ஆறும் அரசின் சொத்து அல்ல, மக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருக்கும் பொருள், அதை விருப்பம்போல் எடுத்துக் கொடுத்துவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பொருளாதார வளர்ச்சியைப் பெரிதாக நினைத்துச் சுற்றுச்சூழலை உயர் நீதிமன்றம் கண்டுகொள்ளவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தது.

வெறும் உபதேசத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உத்தரவுகளையும் போட்டார்கள். அவிலாலாவில் இனி ஒரு கட்டடமும் எழும்பக் கூடாது. கட்டிய வீடுகளில் மாடி மழைநீரைச் சேகரிக்க ஏற்பாடு வேண்டும். குடியிருப்பில் ஓடுகிற மழைநீர் முழுவதும் நிலத்துக்குள் இறங்க வேண்டும். இரண்டு இடத்திலும் போர்வெல் கூடாது. அரசு வசம் மீதமிருந்த 40 ஏக்கரில் சிமெண்ட் தளம் போட்டு மூடக் கூடாது. பேரூருவில் நிலத்தடி நீர் மட்டத்தை அளக்கக் கருவி வைக்க வேண்டும். வைத்தியர் சீட்டில் எழுதுவதுபோல ஒவ்வொன்றாக.

கவலை வேண்டாம். இதற்கும் வழிமுறை இருக்கிறது, அதைத் தமிழ்நாட்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம். 2003-இல் அங்கே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம், நிஜமாகவே சென்னைக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் பயந்தோம். பிறகு பழகிவிட்டது. மாடியிலிருந்து இறங்குகிற பிளாஸ்டிக் குழாய் தரையில் ஒரு சிமெண்ட் மூடிக்குள் போக வேண்டும், மூடிக்குக் கீழே குழி இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. சில வீடுகளில் உண்மையாகவே குழி உண்டு. அதில் மணலும் ஜல்லியும் இருக்கவேண்டிய இடத்தில் பழைய துடைப்பமும், பெயிண்ட் டப்பாவும், ஒற்றைச் செருப்பும் இருக்கும். சில வீடுகளில் குழாய் நேரே சாக்கடைக்குத் திரும்பியிருக்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான்.

சரி, ஏரி போய்விட்டது, குடிக்க என்ன செய்வது என்று வீட்டில் பெண்கள் கேட்பார்கள். முதல் பதில், இன்னும் ஆழமாகப் போர் போடலாம். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைவிட ஆழமாகப் போடுகிறவரை அது பலிக்கும். இரண்டாவது பதில், கிருஷ்ணா நதி. ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலா, கண்டலேறு என்று மாவட்டம் மாவட்டமாகக் கடந்து வரும் தெலுங்கு கங்கை நீர்தான் திருப்பதிக்கும் வருகிறது, சென்னைக்கும் போகிறது. வீட்டு வாசலில் விழுகிற மழையைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, எங்கோ பெய்த மழைக்காகக் குழாயடியில் குடத்தோடு நிற்பதற்கு எவ்வளவு பெரிய பொறியியல் தேவைப்படுகிறது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மலை என்றதும் ஒரு துணைப்பாடம். பேரூருவில் ஒரு சிறு குன்றின்மேல் வகுளமாதா கோயில் இருக்கிறது. வகுளமாதா ஏழுமலையானை வளர்த்த தாய். பிள்ளையின் ஏழு மலைக்கும் பாதுகாப்பு வளையம், சோதனைச் சாவடி எல்லாம் உண்டு. தாயாரின் ஒரே ஒரு குன்றைச் சுற்றிக் கல் உடைத்துச் சரளை அள்ளிக் கோயில் இடிந்துகிடந்தது. வழக்கும் போராட்டமும் நடந்து, கோயிலைத் திரும்பக் கட்டி, 2022 ஜூனில்தான் குடமுழுக்கு ஆனது. ஏரியை மனையாக்க மண் வேண்டும், மண்ணுக்குக் குன்று வேண்டும். ஒரே லாரி இரண்டையும் முடிக்கும்.

ஆற்றுக்கு வருவோம். நம்மவர்கள் பொன்முகலி என்று பாடிவைத்த ஆறு, சுவர்ணமுகி. வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். அதனால் ஆறு என்று ஒப்புக்கொள்ளவே பலருக்கு மனம் வராது. மணலை அள்ளலாம். மணல் ஆழத்தில்தான் ஊற்று இருக்கும், கரையோரக் கிணறுகளுக்கு அதுதான் ஆதாரம் என்று விவசாயிகள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கரையில் வீடு கட்டலாம், நல்ல காற்று வரும். எப்போது வெள்ளம் வரப்போகிறது?

2021 நவம்பரில் வந்தது. இரண்டு நாள் மழை. கல்யாணி அணையைத் திறந்துவிட்டார்கள். திருமலைப் படிக்கட்டுகளில் அருவியாகத் தண்ணீர் இறங்கியது. சுவர்ணமுகி தன் அகலம் என்ன என்பதை மறக்கவில்லை என்று ஊருக்கே தெரிந்தது. திருச்சானூர் அருகே கரையோர வீடு ஒன்று அப்படியே ஆற்றுக்குள் சரிந்ததை நாடு முழுவதும் கைப்பேசியில் பார்த்தார்கள். சில நாளில் ராமச்சந்திராபுரம் பக்கம் ராயல செருவின் கரையில் நீர் கசிய, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மாட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்குப் போன சனங்கள் அந்த ஏரியை ஒழித்தவர்கள் அல்ல. அதை நம்பி விவசாயம் செய்தவர்கள்.

இப்படி நடந்துவிட்டால் பதறாமல் சொல்லவேண்டிய வார்த்தை ‘இயற்கைச் சீற்றம்’. படித்தவர்கள் ‘பருவநிலை மாற்றம்’ என்று சொல்லலாம், இன்னும் எடுப்பாக இருக்கும். அதில் பொய்யும் இல்லை. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும்; ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டுவது இனி அதிகமாகும். அப்படியானால் கொட்டுவதைப் பிடித்துவைக்கக் கூடுதலாக ஏரி வேண்டுமே என்று எவராவது குறுக்கே கேட்டால், பேச்சை அமெரிக்கா, சீனா பக்கம் திருப்பிவிடுங்கள்.

சென்னையிலிருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸில் வருகிற பக்தர்கள் இதைப் படித்து, இதெல்லாம் ஆந்திராக்காரர்கள் சமாசாரம் என்று சிரிக்க வேண்டாம். தொழிலில் முன்னோடிகள் நீங்கள்தான். மாம்பலத்து நெட்டேரியை வற்றவைத்துத் தியாகராய நகரை 1920-களிலேயே கட்டத் தொடங்கியவர்கள். நீரின்றி அமையாது உலகு என்றவருக்கு 1976-இல் ஏரி இருந்த இடத்திலேயே கோட்டம் எழுப்பியவர்கள். 2015 டிசம்பரில் மூழ்கி, 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தவர்கள். திருமலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்றால் அலிபிரியில் பாட்டிலை வீசிவிட்டுச் சுத்தமாக மலையேறுகிறவர்கள். உங்களுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்?

கடைசியாக, இத்தனை உழைப்பையும் பாழாக்கக்கூடிய சில காரியங்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்பே, தெருக்காரர்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு போய் அந்தச் சிமெண்ட் குழாயின் வாயிலிருந்து சாக்கை உருவிவிட்டால் வேலை கெட்டது. மனை வாங்குகிறவர் புரோக்கரின் படத்தை மடித்துவைத்துவிட்டு, வருவாய்த் துறையின் பழைய கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண் வாய்க்காலா, செருவா, புறம்போக்கா என்று பார்த்துவிட்டாலும் கெட்டது. வீட்டு மழைநீர்க் குழியைத் திறந்து செருப்பை எடுத்துவிட்டு ஜல்லியை நிரப்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகும், நமக்கோ பல வருட நஷ்டம். எல்லாவற்றிலும் மோசம், எவராவது அந்தத் தீர்ப்பை எடுத்துப் படித்துவிடுவது. அவிலாலா, பேரூரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் சட்டம்தான். இந்தியாவில் எந்த ஊர் ஏரிக்காகவும் அதைக் காட்டி எவரும் நீதிமன்றத்தில் ஏறலாம்.