தோட்டத்து ஔரங்கசீப்

கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது பக்கத்து ஆளிடம் உரமூட்டை விலை விசாரிப்பவருக்குத் தமிழில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஔரங்கசீப். ஐரோப்பாவில் இந்தப் பழி பெலிஸ்தர் தலையில் விழுந்தது. வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரியும், கோலியாத்தின் ஆட்கள். ஜெர்மனியில் யேனா நகரத்து மாணவர்கள் கல்விவாசனை இல்லாத ஊர்க்காரரை அப்படி வைதார்கள். 1869-ல் மத்தியூ ஆர்னல்ட் எழுதிய நூலால் இங்கிலாந்திலும் அது நிலைத்துவிட்டது. கோலியாத்துக்காக வழக்காட ஆள் இல்லை.

ஔரங்கசீப்புக்கும் இல்லைதான். பாடகர்கள் சங்கீதத்துக்குப் பாடை கட்டித் தூக்கிப்போக, ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கும்படி பாதுஷா சொன்னதாக ஒரு கதை. எழுதிவைத்தவர் மனுச்சி என்ற இத்தாலிக்காரர். பிற்காலத்தில் சென்னைப்பட்டணத்தில் குடியேறியவர். ஆனால் அதே பாதுஷாவின் ஆட்சியில், 1666-ல், அவருடைய பிரபுக்களில் ஒருவரான பக்கீருல்லா ‘ராக தர்ப்பணம்’ என்று ஓர் இசைநூலே எழுதினார். பாதுஷாவுக்கு இசைஞானம் நிறைய, பக்தி முற்றித்தான் கேட்பதை விட்டார் என்று அந்தக் காலத்து ஆள் ஒருவர் எழுதியும் இருக்கிறார். யார் கேட்டார்கள்? பெயர் கெட்டது கெட்டதுதான்.

மொனராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நமக்குத் தெரிந்த ஔரங்கசீப்புக்கு ராஜ்ஜியமெல்லாம் கிடையாது. ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். லயத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பதால் ஆளை அடையாளம் சொல்லத் தேவையில்லை. உலகத்தை அளக்க அவரிடம் இருப்பது ஒரே படிதான், ‘பேரு’. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழுகிற அந்தப் பேரு. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதி முடித்ததும் எல்லாரும் தலையாட்ட, இவர் சொல்வார்: “மூச்சு முட்ட வேலை செய்யுறான். ஒரு பேரு தாராளமா போடலாம்.” தவில்காரருக்கு ஒன்றரை. பட்டிமன்றப் பேச்சாளருக்கு அரைப்பேரு, அதுவும் நின்றுகொண்டே பேசியதால்.

ஊர் சுற்றிக் காட்டினாலும் ஆள் மசிய மாட்டார். வெல்லவாயப் பக்கம் புதுருவகலவில் பாறையில் செதுக்கிய ஏழு உருவங்கள் இருக்கின்றன. நடுவில் நிற்கும் புத்தர் 51 அடி. வேனில் வந்தவர்கள் எல்லாரும் கைகூப்பி நிற்க, இவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டது, “சாரம் கட்ட எத்தனை மூங்கில் போயிருக்கும்?” தெமோதரையில் 1921-ல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து வருகிறார்கள். இவர் கேட்டது கோச்சி வரும் நேரத்தை. பதுளையில் துன்ஹிந்த அருவி 200 அடிக்கு மேலிருந்து கொட்டுகிறது, அதன் சாரல் முகத்தில் அடிக்க நின்று, “இதுல ஒரு குழாயைப் போட்டு நம்ம பீலிக்குத் திருப்பினா என்ன?” என்றார். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை பீலிக்கரையில் வாளி வரிசையில் நின்றபோது அவர்களில் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாட்டுகளைத் தேடித் திரட்டினாரே, நல்லவேளை, இவரிடம் வந்து மாட்டவில்லை. “பாட்டா? வாய் வேலை செஞ்சா கை நிக்கும்” என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

காமன் கூத்து இவருக்கு ஆகவே ஆகாது. மாசி அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால் பௌர்ணமி வரைக்கும் தப்பு ஓயாது. பால் வெட்டுகிறவருக்கோ தூக்கம் முக்கியம். விடிகாலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் சிரட்டையில் வடிவது குறைந்துவிடும். ஆகையால் ரதி புலம்பி ஊரே கண் கசக்கும் சாமத்தில், இவர் லயத்து வாசலில் நின்று, “அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் மெதுவா அழச் சொல்லுங்கப்பா” என்று சத்தம் போடுவார். அந்தப் பிள்ளை மீசை மழித்த ஓர் ஆம்பளை என்பதும் அவருக்குத் தெரியும்.

போன மாசியில் கூத்து மாஸ்டருக்கு ஒரு சிக்கல். சிவன் வேஷம் கட்டுகிறவர் மகள் வீட்டோடு அட்டனுக்குப் போய்விட்டார். சிவனுக்கு வசனம் சொற்பம். மன்மதன் எத்தனை பூங்கணை தொடுத்தாலும், தூதன் எவ்வளவு ஆடினாலும், அசையாமல் தவத்தில் இருக்க வேண்டும். அப்படி எதற்கும் அசையாத ஆள் தோட்டத்தில் யார் என்று மாஸ்டர் யோசித்தார். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த முறை ரப்பர் இலையுதிர்ந்து பால் வெட்டும் நின்றிருந்தது; சொல்லித் தப்பிக்க இவருக்குச் சாக்கும் இல்லை.

சாம்பல் பூசி, சடை கட்டி, பரணில் ஏற்றினார்கள். அப்படியொரு தவத்தை அந்தப் பொட்டல் அதுவரை கண்டதில்லை. முதுகு வளையவில்லை, இமை துடிக்கவில்லை. கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கணை வந்து மார்பில் பட்டது. இனி சிவன் சீறி எழுந்து சூலத்தை நீட்ட வேண்டும். அதுதான் தீ வைப்பவனுக்கு அடையாளம். தப்பு உச்சத்துக்குப் போய், இறங்கி, மறுபடி உச்சத்துக்குப் போனது. சிவன் எழவில்லை. இரண்டாவது கணை, மூன்றாவது கணை. தப்புக்காரர்களுக்குக் கை கடுத்தது. பரணிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

மன்மதன் வேறு யாருமல்ல, அவருடைய தங்கச்சி மகன்தான். கொழும்பில் புடவைக் கடையில் நிற்பவன், கூத்துக்காக லீவில் வந்தவன். பரணருகே போய் வில்லால் சிவனின் காலைச் சுரண்டினான்.

“மாமா, எந்திரிங்க மாமா. சட்டுனு எரிச்சு விடுங்க. விடியக்காலை கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கணும்.”

சிவன் நெற்றிக்கண் அல்ல, சாதாரணக் கண்ணில் ஒன்றைப் பாதி திறந்தார்.

“ராவெல்லாம் குந்தியிருக்கேன். இதுக்குப் பேரு போடுவாங்களா?”