மாடித்தோட்டக் குழுக்களில் விற்பனை ஒழுக்கம்: கைகோள் நோக்கில் ஓர் ஆய்வு

மாடித்தோட்டம் வைத்திருப்போர் விதையையும் நாற்றையும் மாவுப்பூச்சி பற்றிய புலம்பலையும் பகிர்ந்துகொள்வதற்கென அமைத்துக்கொண்ட வாட்ஸ்அப், முகநூல் குழுக்களில் விற்பனைக்கு இடமுண்டா என்னும் வினா, அறிஞர் உலகம் இதுவரை தொல்காப்பியத்தில் தேடிப்பார்க்கத் தவறிய மிகச் சில பொருள்களுள் ஒன்றாகும். அணுவியலையும் மேலாண்மையியலையும் பழந்தமிழ் நூல்களில் கண்டெடுத்த புலமைக்கு இது அரிய செயலன்று.

தலைவன் தலைவியரின் காதல் ஒழுக்கத்தைக் களவு, கற்பு என இரு கைகோளாகப் பகுக்கும் தொல்காப்பிய நெறியில் நோக்கினால், விற்பனைப் பதிவு மூவகைப்படும். முதலாவது, முன்பின் அறியாத ஒருவர் குழுவில் சேர்ந்தவுடன் இடும் உர விளம்பரம். அதை அட்மின் நீக்கிவிடுவார். இரண்டாவது, அட்மினிடம் அனுமதி பெற்று, குறித்த நாளில், விலையுடன் இடப்படுவது. பலரறிய நிகழ்வதால் இது கற்பு எனப்படும். மூன்றாவதே ஆய்வுக்குரிய களவு, அதாவது பிறர் அறியாமல் நிகழும் விற்பனை.

களவு, பந்தலில் தொங்கும் சிறகு அவரையின் படத்தோடும் ‘நம்ம வீட்டு அறுவடை’ என்ற ஒற்றை வரியோடும் தொடங்குவதால், இந்நிலை காட்சி எனப்படும். அதன்கீழ் ‘விதை கிடைக்குமா அண்ணா?’ என்று வினவுபவர் தோழி. இவர் பெரும்பாலும் விற்பவரின் மச்சானாக இருப்பார். ‘இன்பாக்ஸ் வாங்க சகோ’ என்னும் மறுமொழி இருவரும் சந்திக்கும் குறியிடத்தைச் சுட்டுவதாகும். இரவு பத்து மணிக்குமேல் வந்தால் அது இரவுக்குறியாம். செய்தி சிலரிடையே முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல் என்றும், ‘எனக்கும் விலை சொல்லுங்க’ என்று பலர் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கியபின் அலர் என்றும் வழங்கும். செவிலியாகிய அட்மின் இதையறிந்து ‘அட்மின் மட்டும் பதிவிடலாம்’ என்று குழுவைப் பூட்டுவது இற்செறிப்பு. அதற்குமேலும் அடங்காத விற்பனையாளர், வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு தனிக்குழு காண்பது உடன்போக்கு. வாட்ஸ்அப் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் குழு உறுப்பினர் வரம்பை 256இலிருந்து 512ஆகவும், பின்னர் 1024ஆகவும் உயர்த்தியது உடன்போக்குக்குப் பேருதவியாயிற்று.

களவு இரண்டு திங்களுக்கு மேற்படலாகாது என்பது இறையனார் களவியலின் கருத்து. அதை மாடித்தோட்டத்துக்குப் பொருத்துவதைத் தொல்காப்பிய உரையாசிரியர்களுள் இளம்பூரணர் மறுக்கவில்லை, நச்சினார்க்கினியரும் மறுக்கவில்லை, பேராசிரியர் உரை பொருளதிகாரத்தின் இறுதி நான்கு இயல்களுக்கே கிடைத்திருப்பதால், அவர் மறுத்தார் என்று எவராலும் நிறுவ இயலாது, சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு மட்டுமே உரை கண்டவராதலின், அவரது மௌனம் முழு உடன்பாடாகவே கொள்ளப்படும்.

ஒரே விளம்பரத்தை ஏழு குழுக்களில் இடுவது குற்றமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே கட்டுரையை மூன்று தலைப்புகளில் மூன்று பன்னாட்டுக் கருத்தரங்குகளில் படித்து, பதிவுக் கட்டணமும் கட்டி, ஐஎஸ்பிஎன் எண்ணுடன் அச்சேற்றிக்கொள்வோர் இவ்வினாவில் நடுவராக அமரத் தகுதியற்றவர் என்பது மட்டும் தெளிவு.

களவு ஏன் கடியப்படுகிறது என்பதற்கான காரணம் எளியது. இன்பாக்ஸுக்குள் விலை ஆளுக்கொன்றாக மாறுகிறது. ‘கூரியர் செலவு மட்டும்’ என்று தொடங்கும் இலவச விதை, செலவு சொல்லப்படும்போது கடை விலையைத் தாண்டிவிடுகிறது. விதை முளைக்காவிட்டால் முறையிடச் சான்றுமில்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று கற்பியல் கூறுவதைப் போலவே, குழுவிதிகளும் முளைக்காத விதைகளுக்குப் பின்னரே எழுந்தன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும், வெளிப்படச் சொல்லி விற்றதைப் பட்டினப்பாலை பாடுகிறது. அவர்களுக்கு இன்பாக்ஸ் இல்லை என்பதையும் ஆய்வாளர் கருத வேண்டும். எனவே விற்க விரும்புவோர் விலை, விதைகளின் எண்ணிக்கை, கூரியர் செலவு ஆகிய மூன்றையும் பதிவிலேயே எழுதிவிடுவார்களாக. மச்சான்களும் சற்று ஓய்வு கொள்வார்களாக.