இ-பாஸ் கேட்காத கடல்

பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டுமென்றால் அவர்களை ராமேசுவரத்துக்குக் கூட்டிப் போகலாம்; இல்லையென்றால் கடலை வீட்டுக்குக் கூட்டி வரலாம். ஐப்பசி மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்ட நாளில், மலைமேல் இருக்கும் எங்கள் அட்டுவம்பட்டியில் இரண்டாவதுதான் நடக்கும். அண்ணன் பிள்ளைகளும் அக்கம்பக்கத்து வாண்டுகளும் கூடத்தில் அடைந்து கிடந்தார்கள். வெளியே எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாத மஞ்சு.

வெளியூர் வண்டிகள் மலையேற 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. கடலுக்கு மட்டும் சோதனைச் சாவடியில் யாரும் இன்னும் ரசீது போடவில்லை.

தார்ப்பாய் விரித்து, வீடு கட்டி மிச்சமிருந்த மணலைக் கொட்டினோம். கொட்டாங்குச்சியில் கோபுரம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் எங்கள் கடற்கரையை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியது பூனை. நோக்கம் வேறு. பாதிக் கடற்கரையை அள்ளி வெளியே போட்டோம்.

அடுத்து தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பத்து லிட்டர் வாளிக்கு எவ்வளவு? நாலாம் வகுப்பு விரல் மடக்கி 350 என்றது. தூத்துக்குடிக் கல்லுப்பை நிறுத்துப் போட்டுக் கலக்கினோம். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லியிருந்ததாம். போட்டார்கள். நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"அத்தை, உங்க கடல் ரிப்பேரு."

கடலில் ஒரு குறையும் இல்லை. புது முட்டை கடல்நீரைவிடச் சற்றுக் கனமானது. வங்கக்கடலில் போட்டாலும் மூழ்கத்தான் செய்யும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிலோ பாக்கெட்டில் மிச்சமிருந்த உப்பு முழுக்க வாளிக்குள் போய்விட்டது. முட்டை மெல்லத் தலையைத் தூக்கியது. அப்படி ஒரு கைத்தட்டலை எங்கள் ஊர் மகளிர் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவிலும் கேட்டிருக்க மாட்டீர்கள். லிட்டருக்கு 100 கிராம்! வங்கக்கடல் சாக்கடலை நோக்கிக் கிளம்பிவிட்டது. அங்கே 300 கிராமையும் தாண்டும் என்று நான் சொன்னதும், அடுப்படியிலிருந்த இன்னொரு பாக்கெட்டை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன்.

பிறகு சங்கு. காதில் வைத்தால் அலை கேட்கும் என்பார்கள். உண்மையில் சுற்றியிருக்கும் சத்தத்தைத்தான் சங்கு தனக்குள் சுழற்றிக் காட்டுகிறது. சின்னவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அத்தை, கடல்ல குக்கர் விசில் அடிக்குது!"

விஞ்ஞானப்படி இதைவிடச் சரியான பதில் கிடையாது.

கடற்கரை என்றால் பந்தும் வேண்டுமே. அண்ணன் கீழே வத்தலக்குண்டிலேயே ஊதிக் கட்டிக்கொண்டு வந்த பந்து, இங்கே வந்து சேரும்போது தட்டினால் டங்கென்றது. ஏழாயிரம் அடிப் பக்கம் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்கும் சற்றுக் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ளப் பார்க்கும். மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. "சிப்ஸ் மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டு, பாடம் எடுக்கத் தயாராக இருந்த என்னை விட்டுவிட்டுப் பந்தோடு போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு உப்புக் கவலை.

"ஒரு கிலோ உப்பு! செடிக்கு ஊத்துனா செடி செத்துரும். என்னத்துக்கு ஆகும் இது?"

உப்பளம் போடுவோம் என்றான் பெரியவன். தூத்துக்குடியில் பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டுத்தானே உப்பு எடுக்கிறார்கள்? அவனே தாம்பாளத்தில் வாளித் தண்ணீரை ஊற்றி மாடியில் வைத்தான். நீர்மட்டத்துக்குப் பென்சிலால் கோடும் போட்டான். சாயங்காலம் மஞ்சு இறங்கியது. ராத்திரி முழுக்கத் தூறல்.

காலையில் ஓடிப் போய்ப் பார்த்தவன் மாடியிலிருந்தே கத்தினான்.

"பாட்டி! உப்பு வரல, கடல் பெருசாயிருச்சு!"