பல்பு வாங்குகிறவர்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு செயலாளர் இருப்பார். சம்ப்பு மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தை எட்டிப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். லிஃப்ட்டுக்குள் எதையாவது எழுதி ஒட்டுகிறவர் ஒருவர் இருப்பார். இவர்களோடு தவறாமல் ஒரு ஹெட்லைட் சாரும் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கார் நிறுத்தும் இடத்தில் பானெட்டைத் திறந்துவைத்து, டார்ச்சை வாயில் கவ்வியபடி ஒருவர் குனிந்திருந்தால் அவர்தான். வண்டி ரிப்பேர் என்று நினைத்து உதவிக்குப் போய்விடாதீர்கள். “சார், அந்தச் சுவர்கிட்டக் கொஞ்சம் நில்லுங்களேன்” என்பார். நின்றால், “இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல” என்பார். பிறகு உங்கள் முகத்தில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, “கண்ணு கூசுதா?” என்று ஆசையாகக் கேட்பார். கூசுகிறது என்று சொல்வதுதான் மரியாதை. இல்லையென்றால் மனிதர் வாடிப்போவார். மறுநாளும் உங்களைக் கூப்பிடுவார்.

எங்கள் குரோம்பேட்டைக் குடியிருப்பின் ஹெட்லைட் சார், கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. அவருடைய பழைய சின்னக் கார் வேலைநாட்களில் கிண்டிக்குப் போய் வரும். போகிற பாதை ஜி.எஸ்.டி. ரோடு. தெருவிளக்கு, நகைக்கடை விளக்கு, மெட்ரோ விளக்கு, விமான நிலைய விளக்கு, யாராவது தலைவரின் பிறந்தநாளுக்குக் கட்டிய சீரியல் விளக்கு என்று, அங்கே ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்டினாலும் கீழே கிடக்கும் குண்டூசி தெரியும். நிஜமான இருட்டை அந்த வண்டி பார்ப்பது திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகும்போது மட்டும். அதுவும் பௌர்ணமி.

அப்புறம் எதற்கு இவ்வளவு வெளிச்சம்? அதற்கு அவரைப் பகலில் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. மேலாளர் ஃபைலை மேஜைமேல் விசிறினால், கீழே விழுந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கி, பக்க எண் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பார். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும்போது முதலில் தலையாட்டுகிறவர் அவர்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு மனைவியிடம் தணிந்த குரலில், “ரொம்ப அநியாயம்” என்பார். “அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?” என்பார் அந்த அம்மாள். அதற்கும் தலையாட்டுவார்.

இப்படி வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் விட்ட பதிலெல்லாம் எங்கேயாவது சேர்ந்துதானே இருக்க வேண்டும்? அவருக்குச் சேர்ந்த இடம், ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த லைட் குச்சி. எதிரே ஒருவன் ஹை பீமில் வந்தால் போதும். “டிம் அடிடா!” என்பார். அவர் வாயிலிருந்து ‘டா’ வருகிற ஒரே இடம் அது. கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கும். இரண்டு தடவை அடித்துக் காட்டுவார். அவன் இறக்கமாட்டான். இவரும் ஏற்றிவிடுவார். அதன்பின் இருவருக்குமே ரோடு தெரியாது. வண்டிகள் கடந்துபோன பிறகு, “நல்லா உறைச்சிருக்கும் அவனுக்கு” என்பார். ரோட்டைப் பார்க்க 60 வாட்ஸ் தாராளம். பதில் சொல்லத்தான் போதவில்லை.

முன்னெல்லாம் அவருக்குச் சாதுவான ஒரு பொழுதுபோக்கு இருந்தது. பட்டப்பகலில் லைட்டை அணைக்க மறந்து வரும் பைக்காரர்களுக்கு ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார். அவர்கள் சட்டென்று அணைத்துவிட்டு, தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அலுவலகத்தில் கிடைக்காத மரியாதை. 2017 ஏப்ரலிலிருந்து, புது இருசக்கர வண்டியில் இன்ஜின் ஓடினால் முன்விளக்கும் தானாக எரிய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். சார் கொஞ்ச நாள் விடாமல் விரலைக் குவித்து விரித்துப் பார்த்தார். ஒரு கல்லூரிப் பையன் பதிலுக்கு டாட்டா காட்டினான். அதோடு நிறுத்திக்கொண்டார். சமூக சேவை போனதும்தான் யுத்தம் ஆரம்பித்தது என்பது என் கணிப்பு.

யுத்தத்துக்கு ஆயுதம் வாங்குமிடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவுக்கு ஒரு சனிக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். கல்லாவுக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பையன். அவனையும் சார் என்றுதான் கூப்பிட்டார்.

“சார், ஹெச் 4 பல்பு வேணும். கொஞ்சம் பவரா.”

“கம்பெனி ஃபிட்டிங் 60/55 வரும் சார். நம்மகிட்ட 100/90 இருக்கு.”

“அதுக்கு மேல?”

பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “வண்டி கார்தானே சார்?”

100/90 பெட்டியின் மேல் பொடி எழுத்தில், பொதுச்சாலையில் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் பொடி எழுத்தை விடுவாரா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். யோசித்தார். “நம்ம ஏரியாவுல எங்க சார் ரோடு இருக்கு?” என்று என்னிடம் கேட்டார். குழாய்க்கு ஒரு பக்கமும் கேபிளுக்கு மறுபக்கமும் தோண்டிப் போட்ட எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது என்று பையன் சொல்லி அனுப்பினான். அது நிஜம்தான், விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, பல்பு ஆயுசு முடிவதற்குள் போய்விடும். சார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மனைவியின் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றித்தான் பல்பைத் தூக்கினார். பேரன் பக்கத்தில் வந்ததும் “தொடாதே!” என்று ஓர் அலறல். பேரன் அசையவில்லை. அடுப்படியிலிருந்து அந்த அம்மாள்தான் ஓடிவந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் சாரிடமிருந்து வந்ததில்லையாம். வந்தவர், பாத்ரூம் பல்பு எரியாமல் ஒரு மாதமாகிறது என்பதையும் நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

100 வாட்ஸ் என்றால் ஒரு பல்புக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். இரண்டு பல்பும் எரிந்தால் பதினாறைத் தாண்டும். கம்பெனி போட்ட ஒல்லி ஒயருக்கு அதற்கான தெம்பு ஏது? சில நாளில் வண்டிக்குள் கருகல் வாசனை வந்தது. ஹோல்டர் இளகித் தொங்கியது. புதுப்பேட்டையில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனோம். அவர் மல்ட்டி மீட்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், பழைய பல்புல ஒரு கொறையும் இல்ல. பேட்டரில பதிமூணரை வோல்ட்டு இருக்கு. ஹோல்டருக்கு வந்து சேர்றது பதினொண்ணே முக்கா. மிச்சத்த ஸ்விட்சு, ஒயரு, துருப்புடிச்ச எர்த்துன்னு வழியிலயே தின்னுடுது. மேல டேங்க் ரொம்பி இருக்கு சார், பைப்புதான் அடச்சிருக்கு. நீ பாட்டுக்குப் பெரிய பக்கெட்டா வாங்கியாந்து கீழ வெச்சா?”

எட்டில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சமும் எட்டில் ஒரு பங்குதான் குறையும் என்று நாம் நினைப்போம். ஹாலஜன் பல்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடுகிறது. எலெக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலே போட்டு, பீங்கான் ஹோல்டரில் பழைய 60/55-ஐயே திரும்ப மாட்டினார். வெயிலில் மஞ்சளித்துப்போயிருந்த முகப்புப் பிளாஸ்டிக்கைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துப் பாலிஷ் போட்டார். சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து ஃபோகஸ் வைத்தார். அன்றிரவு ரோடு பளிச்சென்று தெரிந்தது. இடப்பக்கம் ஓரமாக நடந்து போகிறவர்கள் தெரிந்தார்கள். வலப்பக்கம் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணுக்குக் கீழே கச்சிதமாக நின்றது.

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? சார் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன சார், நல்லாத்தானே தெரியுது?”

“தெரியுது சார். ஆனா வர்ற வழியில ஒருத்தன்கூட எனக்கு அடிச்சுக் காட்டலையே.”

அடுத்த சனிக்கிழமை எல்.இ.டி. வாங்கிவந்துவிட்டார். டப்பாவில் 20,000 லூமன் என்று போட்டிருந்தது. கம்பெனி பல்பு டிம்மில் தருவது சுமார் 1,000 லூமன், ஹை பீமில் 1,650. டப்பா அச்சடிக்கிறவர் ஒரு சுழி கூடப் போட்டால் கூடுதல் காசு கேட்பதில்லை. பக்கத்திலேயே 6,000 கெல்வின், 8,000 கெல்வின் என்று இரண்டு ரகம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; சாதா ஹாலஜனின் மஞ்சள் வெள்ளை 3,200 சொச்சம்; எண் ஏற ஏற நீலம் கூடும், அவ்வளவுதான். வருஷக்கணக்காகத் தொகைகளோடு பழகிய சார், 8,000 எண்ணை எடுத்துக்கொண்டார்.

ஹெச் 4 பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். டிம் இழைக்கு அடியில் துளியூண்டு தகரக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கீழ்ப்பக்கம் போகும் ஒளியை அது மறைத்துக்கொள்வதால், வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுத் தரையைப் பார்த்து இறங்கும். 1971-இல் ஐரோப்பாவில் வந்த ஏற்பாடு. இழை நிற்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் கணக்கு கெட்டுவிடும். சார் வாங்கிவந்த எல்.இ.டி.க்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது ரோட்டுக்குக் கொஞ்சம், வேப்பமரத்துக்குக் கொஞ்சம், எதிர் பிளாக்குக்குக் கொஞ்சம் என்று பாரபட்சமில்லாமல் கொடுத்தது. எதிர் பிளாக் முதல் மாடிப் பாட்டி, விடிந்துவிட்டதென்று எழுந்து குளித்து, பாலைக் காய்ச்சிவிட்டார். மணி பதினொன்று. பல்பின் பின்புறம் குட்டி ஃபேன் இருந்ததால் ரப்பர் மூடி மூடவில்லை. சார் அதைப் பிளேடால் வெட்டிவிட்டார். முதல் மழைக்கு விளக்குக்குள் ஈசல் குடிவந்தது.

எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவரின் கண் கூசக் கூடாது என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நம்மைச் சுவர் ஓரம் நிற்கவைத்து சார் செய்கிற சோதனையும் ஏறக்குறைய அதுதான். எதிர்பார்க்கும் பதில்தான் வேறு. தாம்பரத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு விளக்கின் நடுவிலும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். சார் இறங்கி, ஸ்டிக்கர் கோணலாக இருப்பதைப் பணிவாகச் சுட்டிக்காட்டி, நேராக ஒட்டவைத்து, தேங்க் யூ சொல்லிவிட்டு ஏறினார். வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் தடவி உரித்துவிட்டார்.

அந்த விளக்கோடுதான் கிரிவலத்துக்குக் கிளம்பினோம். முன்னால் சாரும் அந்த அம்மாளும், பின்சீட்டில் புளியோதரையும் நானும். செங்கல்பட்டைத் தாண்டியதும் யுத்தகளம் தயார். ஆனால் ஓர் இடைஞ்சல். எதிர்வண்டி வெளிச்சத்தை மறைப்பதற்கென்றே நடுத்திட்டில் அரளி வளர்த்திருக்கிறார்கள். “இந்தச் செடி மட்டும் இல்லேன்னா காட்டியிருப்பேன்” என்று மேல்மருவத்தூர் வரை பொருமிக்கொண்டே வந்தார்.

திண்டிவனம் நெருங்கும்போது மாட்டினான் ஒருவன். தூரத்தில், உயரத்தில், கண்ணைக் குத்தும் வெள்ளை வெளிச்சம். “லாரிக்காரன். நம்ம சைடுலயே வர்றான் பாருங்க.” சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹை பீம் போட்டார். அவனும் அதே கணத்தில் ஏற்றினான். இவர் இறக்கினார். அவனும் இறக்கினான். “பாத்தீங்களா, வழிக்கு வந்துட்டான்!” சார் குரலில் நான் அதுவரை கேட்டிராத கம்பீரம். வாழ்க்கையில் ஒருவன் அவர் சொன்னதை உடனே கேட்டிருக்கிறான். உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி ஏற்றினார். அவனும் ஏற்றினான். “திமிரப் பாரு!”

“ஏங்க,” என்றார் அந்த அம்மாள், “அது போர்டுங்க.”

நெடுஞ்சாலைப் பலகைகளில் ஒட்டியிருக்கும் பிரதிபலிப்புத் தாள், எங்கிருந்து வெளிச்சம் வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். சார் அவ்வளவு நேரம் சண்டை போட்டது யாரோடு என்பதை நான் விளக்கப் போகவில்லை.

“எவ்வளவு தூரத்துலயே தெரிஞ்சுது பாத்தியா?” என்றார் சார், சமாளித்துக்கொண்டு.

“என்ன எழுதியிருந்துச்சு?”

வண்டிக்குள் பதில் இல்லை. மூன்று பேருக்குமே வெள்ளையாகத்தான் தெரிந்திருந்தது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக்கில் பணம் கழிந்த குறுஞ்செய்தி வந்தபோதுதான், அது செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குத் திரும்பச் சொன்ன போர்டாக இருக்கும் என்று எங்களுக்கு உறைத்தது. கூண்டுக்குள் இருந்த பையன் கையால் கண்ணை மறைத்தபடி, “லைட்ட ஆஃப் பண்ணுங்க சார், ஒண்ணும் தெரியல” என்றான். “சாரி சார்” என்று உடனே அணைத்தார். வண்டியைத் திருப்புவது எங்கே என்று விசாரித்தது அந்த அம்மாள்தான்.

“நேராப் போங்கம்மா,” என்றான் பையன். “பெரிய போர்டு வெச்சிருக்கும்.”