ஆச்சியின் விலை 30,000 யூரோ

அரிமளத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறும் ஆச்சியின் உடம்புக்கு யாரும் விலை கேட்பதில்லை. பாரிசில் இருக்கும் பேரனைப் பார்க்க ஷெங்கன் விசா கேட்டதும் விலை வந்துவிடுகிறது: குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கே ஆண்டுக்கு 5 லட்சம்தான். ஆச்சி தனியாளாக அதைப்போல் ஐந்தாறு மடங்கு.

பாலிசியைப் படித்தால் சங்கதி வேறு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என ஏற்கெனவே இருக்கும் நோய்களைப் பல பாலிசிகள் ஒதுக்கிவிடும். ஆச்சியிடம் புதுநோய்க்கு இடமேது? ஒன்றில் மட்டும் தாராளம்: இறந்தால் உடலை ஊர் சேர்க்கும் செலவு. அது விசா விதியிலேயே உண்டு.

ஸ்பெயினில் காய்ச்சல் கண்ட ஜெர்மானியருக்கோ ஐரோப்பிய நலக் காப்பீட்டு அட்டை போதும். அரசு மருத்துவமனையில் உள்ளூர்க்காரருக்கு உள்ள அதே சிகிச்சை. ஆனால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவை அந்த அட்டை ஏற்காது. ஆக, உயிரோடு இருக்கும்வரை சவுகரியம் அவருக்கு; அதற்கப்புறம் ஆச்சிக்கு.

அதே ஜெர்மானியர் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்தால், சுற்றுலா விசாவுக்கு இந்தியா காப்பீடு கேட்பதில்லை. நம் ஊர்த் தண்ணீர்மேல் சர்க்காருக்கு அவ்வளவு நம்பிக்கை!