ஆறு நிமிடம் வரை தாமதமில்லை

ஜெர்மனி என்றால் நேரம் தவறாமை என்று நம்மிடம் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போனால் தெளிந்துவிடும். ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், சுவிஸ் மண்ணிலேயே, ஜெர்மன் ரயில்வே நடத்தும் ஒரு நிலையம். அந்தப் பக்கம் சுவிஸ்காரர்களுடையது. 3 நிமிடம் தாண்டினாலே சுவிஸ் கணக்கில் தாமதம். ஜெர்மன் கணக்கில் 6 நிமிடம் வரை ‘சரியான நேரம்’தான். இத்தனை தாராளமாக மார்க் போட்டும், 2024இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை தேறவில்லை. ரத்தான வண்டி கணக்கிலேயே வராது. பரீட்சைக்கே வராத பிள்ளை ஃபெயிலாவதில்லையே!

ரொம்பவும் பிந்தி வரும் ஜெர்மன் ரயிலை சுவிஸ்காரர்கள் பாசலிலேயே நிறுத்தி, பயணிகளை இறக்கித் தங்கள் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சண்டை, சச்சரவு கிடையாது. சம்பந்தி வீட்டு மரியாதையோடு நடக்கும் அவமானம் அது.

சுவிஸ் நிலையக் கடிகாரத்தின் சிவப்பு விநாடி முள், சுற்றைச் சற்று முன்னதாகவே முடித்துவிட்டு, 12இல் நின்று அடுத்த நிமிடத்துக்குக் காத்திருக்கும். பெட்டியும் கையுமாக இறங்கிய ஜெர்மானியர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்தார். “பாருங்கள், இவர்களுக்கும் நிற்கிறது!” என்றார், பரம திருப்தியோடு.